ஆனி ஏழு, விளக்கு நேரம்

மஞ்சக்குட்டையில்
தெருவிளக்குக்கும் குடிதண்ணீருக்கும் நான்தான்.
ஒரு கையில் வால்வு சாவி,
மறு கையில் நாற்பது பக்க நோட்டு.
போட்ட நேரம், அணைத்த நேரம்,
ஓரத்தில் செவந்தி என்பதற்கு ஒரு 'செ'.

மூன்று நோட்டு நிறைந்தபின்
பம்பு ஓடும் சத்தத்தில் சும்மா புரட்டும்போது
பிடிபட்டது.
காலைகள் வைகாசி முடியுமுன்னே திரும்பிவிடுகின்றன.
மாலைகளுக்கு இன்னும் சேதி எட்டவில்லை,
ஆனிக் கடைசி வரை
அரை நிமிடம் கால் நிமிடமாய்
நீண்டுகொண்டே போகின்றன.
இரண்டுக்கும் நடுவில் ஒரு பகல்
வயிறு தள்ளி நிற்கிறது.

தினசரி காலண்டரில் அதற்கு இடமில்லை.
ராகு காலம் உண்டு, சூலம் உண்டு.
தெற்கே திரும்புவதற்கு
ஆடி ஒன்று வரை பொறு என்கிறது சூரியனை.
அது எங்கே கேட்கிறது?
எங்கள் மேல்நிலைத் தொட்டியிடம் கேளுங்கள்.
மார்கழி உச்சியில் தொட்டியின் நிழல்
வடக்கே நீண்டு
பாவாயி வீட்டுக் கோழிக்கூண்டை மூடும்.
சித்திரையில் ஒருநாள்
தன் காலடியிலேயே சுருண்டு படுக்கும்.
ஆனியில் வெயில் வடக்கிலிருந்து வர,
தெற்கே நகர்ந்து குழாயடிக் குடங்கள்மேல் விழும்.
நல்லவேளை, இன்று உச்சியில் அரைமணி வெயில்.
ரப்பர் செருப்பால் அளந்தேன்.
ஆறடி.
இதற்குமேல் நகராது.

விழா என்று ஏதாவது செய்யத் தோன்றியது.
சில்வர் ஓக்கில் மிளகுக்கொடி கட்டிக்கொண்டிருந்த
மாதேசனிடம் சொன்னேன்.
"பெரிய பகல்னா கூலி கூடுமா?" என்றான்.

பலா ஒன்றை அறுத்தேன்.
எண்ணெய் தடவியும் கையெல்லாம் பிசின்.
ஆறு மணி பஸ்ஸில் இறங்கியவர்களுக்கு
ஆளுக்கு நாலு சுளை.
"என்ன வேண்டுதல்?" என்றார் கண்டக்டர்.
"வேண்டுதல் இல்லைங்க. இன்னைக்கு இருட்ட நேரமாகும்."
வானத்தைப் பார்த்தார்.
பிறகு இன்னொரு சுளை எடுத்தார்.

அப்போதுதான்
கிளியூர்ப் பக்கமிருந்து வந்தது மூட்டம்.
மிளகளவு பச்சைக் காப்பிக் காய்களை முதலில் எடுத்துக்கொண்டது,
அப்புறம் மரங்களை,
அப்புறம் பஸ்ஸின் பின்விளக்கை.
வருசத்தின் பெரிய பகலை
யாரையும் கேட்காமல் மடித்து வைத்துவிட்டது.

"செவந்தியக்கா, லைட்டு!"
கோழிக்கூண்டுப் பக்கமிருந்து பாவாயி.

சுவிட்சில் கை வைத்தபடி
ஒரு நிமிடம் போடாமல் நின்றேன்.
பிடிவாதம்தான், வேறென்ன.
இருபது வளைவுக்குக் கீழே சேலத்தில்
வெள்ளைக்கல் மேடுகள் இன்னும் கண் கூசும்.
செவ்வாய்ப்பேட்டையில் யாரோ
கடைசி மல்கோவாக் கூடையை
வெயில் படாமல் இழுத்து இழுத்து வைத்துக்கொண்டிருப்பார்கள்.
பகல் அங்கே இருக்கிறது.
இங்கே இல்லை.

போட்டேன்.
பதினேழில் பதினாறு எரிந்தது.

மாலை 6.14.
காரணம்: மூட்டம்.
பகல் பாக்கி.

தணிக்கைக்கு வருகிறவர் கேட்டால் பார்த்துக்கொள்ளலாம்.
நோட்டை மூடப்போனால்,
பலாப்பிசினில்
நாளைய பக்கம்
இன்றோடு ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்கிறது.