வரைவு ஏழு

கோப்பின் பெயர்:
தொலைநோக்கு, இறுதி, உண்மையான இறுதி, ஏழு.
ஐந்தாண்டுத் தகவல் தொழில்நுட்பத் திட்டம்,
அறுபத்திரண்டு பக்கம்.
நீடாமங்கலம் தாண்டி வெண்ணாற்றங்கரையில்
எங்கள் பல்கலைக்கழகம்;
கட்டடத்துக்கு முன்பே
பெயர்ப்பலகை வந்து சேர்ந்த இடம்.

சென்னையிலிருந்து வந்த ஆலோசகர்
முதல் பக்கத்தில் மேகம் வரைந்திருந்தார்.
நல்ல மேகம். வெள்ளை. இடியில்லாதது.
ஐப்பசியில் எங்கள் சர்வர் அறையை
எட்டிப் பார்க்காத மேகம்.
அந்த மாதம் நாங்கள்
ரேக்கின் தலையில் தார்ப்பாய் கட்டி,
கீழே வாளி வைத்து,
வாளி நிரம்புகிறதா என்று பார்க்க
ஓர் ஆளைப் போட்டிருந்தோம்.
அவர் பணிப்பெயர்:
கணினி இயக்குநர், நிலை இரண்டு.

‘தற்போதைய நிலை’ என்ற இயல் என்னுடையது.
உண்மையை எழுத எழுத இயல் பெருத்தது.
சுருக்கச் சொன்னார் பதிவாளர்.
சுருக்கினேன்:
தேர்வு முடிவு வெளியான இரவு
பதினோராயிரம் பிள்ளைகள்
ஒரே கதவைத் தட்டினார்கள்.
கதவு விழுந்துவிட்டது.
அதைக் ‘கொள்ளளவுச் சவால்’ என்று திருத்தினார்கள்.
இருக்கட்டும்.

ஃபைபர் அறுவது பற்றி ஒரே ஒரு வரி கேட்டேன்.
கோரையாற்றைத் தூர்வார வரும் பொக்லைன்
ஆண்டுக்கு இரண்டு முறை
எங்களையும் சேர்த்துத் தூர்வாரிவிடும்.
வைரக்கண்ணு மோட்டார் சைக்கிளில் போய்,
சேற்றில் முழங்காலிட்டு,
முடியளவு கண்ணாடியை
முடியளவு கண்ணாடியோடு ஒட்டவைப்பார்.
அறுத்த பொக்லைன் ஓட்டுநரே
குடை பிடித்துக்கொண்டு நிற்பார்.
இதற்குத் திட்டத்தில் தலைப்பு இல்லை.
‘மீள்திறன்’ என்றொரு அம்புக்குறி இருந்தது.
அதன் கீழே அவரை ஒளித்துவைத்தேன்.

மூன்றாம் கூட்டத்துக்கு
உறுப்புக் கல்லூரிகளையும் அழைத்தோம்;
விதி அப்படி.
தலைஞாயிறு பக்கத்திலிருந்து
இரண்டு பஸ் மாறி வந்த மரியபுஷ்பம்,
ஆய்வக உதவியாளர்,
கடைசி நாற்காலி.
படவில்லைகள் முடிந்து
முந்திரி பக்கோடாவும் முடிந்தபின் கைதூக்கினார்.

“சார், மேட்டூரைத் திறந்தா பேப்பர்ல போட்டோ வரும்.
பூவெல்லாம் தூவுவாங்க.
எங்க வாய்க்காலுக்கு அது வந்து சேர
ஆடி பாதி போயிடும். சில வருஷம் வராது.
இந்தப் பத்து ஜிபி லைனை
எங்க திறக்கறீங்கன்னு போட்டிருக்கு.
எங்க வந்து முடியுதுன்னு போடலையே?”

ஆலோசகர் குறித்துக்கொண்டார்: பங்குதாரர் கருத்து.
பதிவாளர் கடிகாரம் பார்த்தார்.
நிதி அலுவலர் ஜெய்னுலாபுதீன் மட்டும்
மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி
“கடைமடை” என்றார்,
யாரிடமும் சொல்லாமல்.
முத்துப்பேட்டைப் பக்கம் அவருக்கு
நாலு மா நிலமிருக்கிறது.

இரவு பத்தரை.
வைஃபை பிடிக்கும் ஒரே இடமான நூலகச் சுவரோரம்
விடுதிப் பிள்ளைகள்
கொசு அடித்துக்கொண்டே வீட்டுப்பாடம் ஏற்றுகிறார்கள்.
வரைவைத் திறந்தேன்.
மேகத்தை எடுத்துவிட்டேன்.
அட்டவணையைத் தலைகீழாக்கினேன்:
முதலாண்டுக் கட்டத்தில் தலைஞாயிறு,
துணைவேந்தர் அலுவலகம் நான்காம் ஆண்டில்.
ஜெய்னுலாபுதீனுக்கு அனுப்பினேன்.
கேள்வியே கேட்காமல்
தொகைகளைத் திரும்பக் கூட்டி அனுப்பினார்,
நள்ளிரவு தாண்டி.

ஆட்சிக்குழு என்ன செய்யுமோ தெரியாது.
தலையை மறுபடி தலைக்கே மாற்றலாம்,
வரைவு எட்டு என்று பெயரிடலாம்.
‘பொறுப்பு’ என்ற கடைசி நெடுவரிசை
ஆறு வரைவுகளாக
‘தொடர்புடைய துறை’ என்றே கிடந்தது.
அழித்துவிட்டு
வைரக்கண்ணு என்று எழுதினேன், அவரைக் கேட்டுத்தான்.
போனில் சொன்னார்:
“போடுங்க. அப்படியே ஒரு குடையும் போடுங்க.”

குடை, ஒன்று.
பக்கம் நாற்பத்தெட்டு,
இதர செலவினம்.