இருபது கிலோவுக்குக் கீழே

என் எடைமேடைக்கு
இருபது கிலோவுக்குக் கீழே உலகம் இல்லை.
நான் ஏறி நின்றால் அறுபது என்கிறது.
முட்டையை வைத்தால் பூஜ்ஜியம்.
கையுறைக்கும் பூஜ்ஜியம்,
சாவிக்கொத்துக்கும்.

புந்தா அரேனாஸில் காற்று
லாரியையே தள்ளிப் பார்க்கும்.
அது மூச்சுவிடும் ஒரு நொடிக்குக் காத்திருந்து
பொத்தானை அழுத்துவது என் வேலை,
இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை.
முப்பத்தோராயிரத்து நானூற்று எண்பது, சால்மன்.
பன்னிரண்டாயிரத்து அறுநூறு, காலி வண்டி.
இரண்டு வண்டிகளுக்கு நடுவே
சில நாள் மூன்று மணி நேரம்.

தப்பாக அச்சான ரசீதின் முதுகு, உள்ளங்கை அகலம்.
தங்கை மகன் மறந்துவிட்டுப் போன
இருபத்துநான்கு கலர் பென்சில்கள்.
முதலில் வரைந்தது தெர்மாஸ் மூடி.
வட்டம் வட்டமாக வரவில்லை.
மறுநாள் அதே மூடி.
அதற்கு மறுநாளும்.
நாலாம் நாள்தான் பார்த்தேன்,
விளிம்பில் ஒரு பல் பட்ட தடம்.
யாருடையது என்று
என் வாயில் வைத்துப் பார்த்தேன்.
பொருந்தியது.

முட்டைக்கு வெள்ளைப் பென்சிலை எடுத்தேன்.
தாளில் அது வாயே திறக்கவில்லை.
ஊதாவை மெல்லத் தேய்த்து,
அடியில் நீலம்,
விளக்கு படும் பக்கம் மஞ்சள் தொட்டும் தொடாமலும்,
உச்சியில் ஓரிடத்தை ஒன்றும் செய்யாமல் விட்டபோது
முட்டை வந்தது.
பிறகு அதை உரித்துத் தின்றேன்,
உப்பு இல்லாமல்.

பென்சில் பெட்டியைத் திறந்தால்
எது எவ்வளவு செலவாகிறது என்று தெரிந்துவிடும்.
சாம்பல், கட்டைவிரல் நீளம்.
பழுப்பு இரண்டும் அதிலும் குட்டை.
கறுப்பைக் குறைத்துக்கொண்டேன்,
நிழலில் போட்டால் தாளில் ஓட்டை விழுந்த மாதிரி.
இளஞ்சிவப்பு மட்டும்
கடையில் சீவிய கூரோடு.
கைக்கெட்டும் தூரத்தில்
இங்கே அந்த நிறத்தில் என்ன இருக்கிறது?
மீன் உண்டு.
ஆனால் அது பெட்டிக்குள், முத்திரைக்குள்,
டன் கணக்கில்.

ஓட்டுநர்கள் கண்டுகொண்டார்கள்.
செலெதோனியோ பாரியா லைட்டரை மேசையில் வைத்துவிட்டு
வண்டியை மேடைக்கு ஏற்றினான்.
திரும்பி வந்து பார்த்து,
"இவ்வளவு அழுக்கா, தானிக்கா?"
மிர்த்தா ஓயார்சோ கொடுத்தது ஒற்றைக் கையுறை.
ஜோடி, போர்வெனீர் படகிலிருந்து கடலுக்குள் போனது.
படத்தை யாரும் கேட்பதில்லை.
தங்கள் சாமானை எடுக்கும்போது
ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டுப்
பையில் போடுகிறார்கள், அவ்வளவுதான்.

ஆகஸ்ட்டில் ஒரு ராத்திரி
தெற்குச் சாலை கண்ணாடியாக உறைந்து
நாலு லாரிகள் என் வாசலில்.
தோன் பாஸ்குவால் மான்சீயா உள்ளே வந்தார்,
வாயைக் கையால் பொத்தியபடி.
பேப்பர் நாப்கினை மேசையில் விரித்தார்.
மேல்வரிசைப் பல்செட்.

"சீக்கிரம். சூப் ஆறுது."
பாதிச் சொல் காற்றாகத்தான் வந்தது.

இளஞ்சிவப்பை எடுத்தேன்.
ஈறுக்கு அது.
மடிப்பில் சிவப்பு,
சிவப்பு ஆழமாகும் இடத்தில் கொஞ்சம் பச்சை
(வரைந்து பாருங்கள், நம்புவீர்கள்).
பதினான்கு பல், பதினான்கு வெள்ளை.
மாத்தே குடித்துக் குடித்து
வலது ஓரம் வைக்கோல் நிறம்.
நாற்பது நிமிடம்.
அவர் சர்ச்சில் நிற்பவர்போல நின்றார்.
அடுப்பருகே மூன்று பேர்,
சிரிக்காமல் இருப்பதில் முழு கவனமாக.

முடித்ததும் பல்லை மாட்டிக்கொண்டு
படத்தை நெடுநேரம் பார்த்தார்.
"இது என் அப்பாவின் சிரிப்பு," என்றார்,
அது பாராட்டா புகாரா என்று சொல்லாமலே
சூப்புக்குப் போய்விட்டார்.

ரசீது வெப்பத்தாள்.
எண்கள் ஒரு வருடம்கூடத் தாங்காது.
பிஸ்கட் டப்பாவில் இருநூற்றுச் சொச்சம் கிடக்கின்றன.
நேற்று அந்த ஒன்றைத் திருப்பினேன்.
வண்டி எண் போய்விட்டது.
டன் போய்விட்டது.
தேதியில் ஒரு எட்டு மட்டும், அதுவும் அரைகுறை.
மறுபக்கம் பற்கள்
அப்படியே கடித்துக்கொண்டிருக்கின்றன.

வளைவில் விளக்கு தெரிகிறது.
காற்று இன்னும் நிற்கவில்லை.
இளஞ்சிவப்பைச் சீவி
முன்வரிசையில் வைத்திருக்கிறேன்.