தவணை

என் பெயரை மூன்று தரம் கூவினார்களாம்
புதுக்கடை தொழில் நியாயசபையில்.
ஒரு தரம் சிங்களம், ஒரு தரம் தமிழ்,
மூன்றாம் தரம் எந்த மொழி என்று
பக்கத்தில் இருந்தவருக்கே விளங்கவில்லையாம்.
சமத்துவம்தான்.

நான் இரண்டாம் வாங்கில் இருந்தேன்.
மடியில் பைல்,
பைலுக்குள் பதினொரு சம்பளத் துண்டுகள்.
காற்றாடியின் நிழல்
கைகளின் மேல் வந்து வந்து போனது.
"எதிர்மனுதாரர் சமுகம். மனுதாரர் சமுகமில்லை."
எழுதி மூடிவிட்டார்கள்.

சமுகமில்லாத நான்
எழும்பிக் கோட்டை வரை நடந்து
நூறாம் நம்பர் பஸ்ஸில் ஏறினேன்.
கொண்டக்டர் மிச்சம் தராமல் ஏதோ சொன்னார்.
இல்லாதவளுக்கு எதற்கு மிச்சம்.

கூவியது என் பெயரும் அல்ல.
சுகிர்தமலர் என்பது அடையாள அட்டைக்கு.
எங்கள் ஆட்களிடம் என் பெயர்
இடது புருவத் தழும்பில் ஒரு விரல் தொட்டு எடுப்பது.
அதை ஒருவர் செய்திருந்தால்
கூட்டத்தின் மறுகரையிலிருந்தும் திரும்பியிருப்பேன்.

வேலைக்கு எடுத்த அன்று முதலாளி
கடதாசியில் எழுதிக் காட்டினார்:
இந்த இரைச்சலுக்கு உங்களைப் போன்றவர்தான் சரி.
சரியாகத்தான் இருந்தேன்.
மெஷினின் நடுக்கம் முழங்காலில் ஏறும்;
நூல் அறுவது
எல்லோருக்கும் முதல் எனக்குத் தெரியும்.
சம்பளம் அறுந்ததுதான்
கடைசியாகத் தெரிந்தது.

சனிக்கிழமைகளில் தெமட்டகொடையில்
டயர் கடைக்கு மேல் ஓர் அறை.
துலாஞ்சலி, முஸ்னியா, உயரமான கிறிஸ்டோபர்,
இன்னும் பலர். லைட் போனால் பேச்சும் போகும்,
அதனால் டோர்ச் கொண்டு வருவோம்.
அங்கேதான் மனு எழுதினோம்.
எழுத்துத் தமிழ் எனக்கு மாமியார் வீடு:
இருக்கலாம், காலை நீட்ட முடியாது.
இதிலும் மடக்கிக்கொண்டுதான் இருக்கிறேன்.

'தவணை'க்கு எங்களிடம் சைகை இருக்கவில்லை.
துலாஞ்சலி ஒன்று செய்தாள்:
கலண்டர்த் தாளைக் கிழித்து,
கசக்கி,
எதிரில் இருப்பவன் சட்டைப் பையில் வைப்பது.
இரண்டாம் தரம் போனபோது
உரைபெயர்ப்பாளர் இல்லை.
வெளியே வந்து
கிறிஸ்டோபரின் பையில் வைத்தேன்.

மூன்றாம் தரம் பதினான்கு பேர் போனோம்.
பியூமி லீவு போட்டு வந்தாள்.
கேட்கிறவள்தான். ஆனால்
தாயும் தகப்பனும் எங்கள் ஆட்கள்,
பேச முதல் கையாட்டப் பழகியவள்.
தலைவர் கேட்டார்:
மனுதாரர் தமிழ், நீங்கள் சிங்களம், எப்படி?
பியூமி தன் கைகளைப் பார்த்தாள்.
"இதில் அது இல்லை, சேர்."

எதிர்த்தரப்பு வழக்கறிஞர் நல்ல உடுப்புடன் கேட்டார்:
நீங்களாகவே விலகினீர்கள், அப்படித்தானே?
நான் தலையாட்டினேன்.
எழுதுகிறவரின் பேனை இறங்கியது.
பியூமி பாய்ந்தாள்:
"அது ஆம் இல்லை!
பார்த்துக்கொண்டிருக்கிறேன், சொல்லுங்கள் என்பது."
பிறகு நான் சொன்னேன்,
இரண்டு கையாலும்,
விலகவில்லை, விலக்கினார்கள் என்று.
பின்வாங்கில் பதின்மூன்று பேர்
மூச்சை இழுத்ததைக் கண்டேன்.

எத்தனை தலையாட்டல்களை
ஆம் என்று எழுதியிருப்பார்கள்,
பொலிஸில், வங்கியில்,
காசல் வீதியில் பிரசவ வார்ட்டில்,
கையொப்பம் கேட்ட இடமெல்லாம்.

தீர்ப்பு இல்லை. தவணை.
ஆனால் அடுத்த தரம்
அதே கூவுகிற மனிதர், நரைத்த மீசை,
வாசலில் நின்று கூவிவிட்டு
பழக்கம் விடாமல் இன்னொரு தரமும் கூவிவிட்டு
வாங்கின் ஓரத்தில் வந்து
விரல் முட்டியால் இரண்டு தட்டு.
மரம் சொன்னது.
எழும்பினேன்.

அவருக்கு நன்றி சொன்னேன்.
ஆனால் அவருக்கும் லீவு நாள் உண்டு.
பெயர் தெரிகிற ஒரு திரை,
சம்பளத்துக்கு ஓர் உரைபெயர்ப்பாளர் என்று
பதினான்கு பேரும் கையொப்பமிட்டு
பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறோம்.
துண்டு என் பைலில், பன்னிரண்டாவதாக.
பதில் இன்னும்
யாருடைய சட்டைப் பையிலோ.