எண்பது காசு

"போஸ், மெசின் ஜாலான்,
பிசாவ் தாக் பூசிங்" என்றான் மொய்னுல்
காலை ஏழே காலுக்கு, போனில்.
வண்டி நடக்கிறது, கத்தி சுற்றவில்லை.
நோயைச் சொல்ல இதற்கு மேல் சொல் வேண்டியதில்லை.

சுங்கை பாக்காப்பில் ராத்திரி பூரா மழை.
வெண்டைப் பாத்தி முடிகிற இடத்தில்
கை டிராக்டர் மூக்கைக் கீழே வைத்து நின்றது.
ஸ்டார்ட் செய்து காதைக் கொடுத்தேன்.
எஞ்சின் சுத்தம்.
கிளட்ச்சை விட்டேன், சக்கரம் போனது.
பின்கத்திக்கு விசை கொடுக்கும் லீவரைத் தள்ளினேன்.
கர்ர்.
பிறகு ஒன்றுமில்லை.
ஒரே வார்த்தை பேசிவிட்டு
வாயை மூடிக்கொள்ளும் சம்பந்தி மாதிரி.

எஞ்சினை அணைத்து பிளக் வயரைக் கழற்றினேன்.
இதை மட்டும் நான் மறப்பதில்லை.
என் வலது கையை ஒருதரம் பார்த்தவர்கள்
ஏன் என்று கேட்பதில்லை.

கேபிள் தளரவில்லை.
லீவர் போட்ட இடத்தில் நிற்கிறது,
ஆக உள்ளே குண்டும் ஸ்பிரிங்கும் பிழைத்திருக்கின்றன.
எண்ணெயை ஒரு மைலோ டின்னில் வடித்து
வெயிலுக்குச் சாய்த்தேன்.
கறுப்புக்குள் மினுக்கம்,
ஜிகினா கொட்டியதுபோல் இரும்புத்தூள்.
அப்போதே என் வயிற்றில் ஏதோ கழன்றது.

நேசமலர் குடையோடு வந்து நின்றாள்.
"கங்கோங் வெத ஊற வெச்சாச்சு.
வெள்ளிக்கெழமைக்குள்ள மூணு பாத்தி."
எவ்வளவு ஆகும் என்று கேட்கவில்லை.
கேட்காதவர்களுக்கு விலை சொல்வதுதான் கஷ்டம்.

மூடியைத் திறந்தேன்.
கப்ளிங்கில் நாலு பல்லைக் காணோம்,
மிச்சம் கிழவன் ஈறு.
தண்டின் வரிகள் ஒரு பக்கமாய் முறுக்கிக் கிடந்தன.
ஆனால் கத்தியில் கல் தட்டினால்
முதலில் அறுந்துபோக வேண்டிய அந்தச் சின்ன போல்ட்
அப்படியே இருந்தது. கீறல்கூட இல்லை.
சட்டை நுனியால் அதன் தலையைத் துடைத்தேன்.
பத்து புள்ளி ஒன்பது.

லோரிக்குப் போடுகிற போல்ட்.
அங்கே இருக்க வேண்டியது மெத்து இரும்பு,
கடையில் எண்பது காசு.
தன் கழுத்தைக் கொடுத்து
பெட்டியைக் காப்பாற்றுவதுதான் அதற்குச் சம்பளம்.

"யார் மாட்னது இத?"
நேசமலர் மொய்னுலைப் பார்த்தாள்.
மொய்னுல் சேற்றைப் பார்த்தான்.

போன டிசம்பரில்,
"வாரத்துக்கு ரெண்டு ஒடையுதுண்ணே" என்றவளிடம்
"இனிமே ஒடையாது பாரு" என்று சொல்லி
ஸ்பானரை இன்னும் கால் சுற்று இழுத்தது
இந்தக் கைதான்.
பெருமையாக இருந்தது அன்றைக்கு.
டீ வாங்கிக் கொடுத்தாள்.

அதற்கு முன்பு பன்றிக் கொட்டகை இருந்த நிலம் அது.
உடைத்த சிமெண்டை அள்ளாமலே மண்ணடித்து விற்றுவிட்டான்.
வாரத்துக்கு இரண்டு முறை
அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது எண்பது காசு.
நான் அதன் வாயை அடைத்தேன்.

"நாந்தான்" என்றேன்.

குடையை மடக்கினாள். விரித்தாள். மறுபடி மடக்கினாள்.
மழை இல்லை.

புக்கிட் மெர்த்தாஜாமில் கப்ளிங் முந்நூற்று நாற்பது வெள்ளி,
தண்டு தனி, சாமான் திங்கட்கிழமை வரும் என்றான் கடைக்கார லியோங்.
காசு என் கணக்கில் என்றேன்.
அவள் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.
கொட்டகைக்குப் போய்
மூன்று சங்கோலோடு வந்தாள்.
ஒன்றை என் முன்னால் போட்டாள்.

முதல் வெட்டிலேயே டங்.
தோள்வரை அதிர்ந்தது.
தோண்டி எடுத்தேன், தேங்காய் அளவு,
ஒரு பக்கம் இன்னும் சுண்ணாம்பு வெள்ளை.
வரப்பில் வைத்தேன்.

"ஒண்ணு" என்றாள் நேசமலர்,
தலையைத் தூக்காமல்.