குத்தாலத்துல தண்ணி விழுதா

சமாதானபுரத்தில் ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஒற்றை அறை.
கீழே மெஷின் அடங்கிய பிறகுதான்
பழைய கட்டுரைகளைத் திறப்பேன்.

மொத்தம் நூற்று நாற்பத்தேழு.
எழுதியது நானும் சொரிமுத்துவும்,
வண்ணார்பேட்டையில் தவணைக்கு எடுத்த ஒரே லேப்டாப்பில்,
பகலெல்லாம் அவன், ராத்திரி நான்.
அவன் இப்போது மஸ்கட்டில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான்.
கட்டுரைகள் இங்கேயே கிடக்கின்றன,
வாடகையும் தராமல் காலியும் செய்யாமல்.

முதல் வேலை, ஆண்டை மாற்றுவது.
பதினேழை அழித்து இருபத்தைந்து.
ஒரே தட்டில் எட்டு வயது குறைந்துவிடும்
வாழைக்கு உரம் வைக்கும் முறைக்கு.

அப்புறம் செத்த சுட்டிகளைப் பிடுங்க வேண்டும்.
களக்காட்டு லாட்ஜ் மூடியாயிற்று.
அம்பாசமுத்திரம் பஸ் நேரம் மாறியாயிற்று.
குக்கர் வாஷர் விலை அறுபதிலிருந்து எங்கேயோ போயிருக்கிறது.
'எங்கள் அனுபவத்தில்' என்று தொடங்கும் பத்தியில்
யாரும் நிற்பதில்லை என்கிறது வரைபடம்.
பதினோராம் நொடியில் தள்ளிக்கொண்டு போகிறார்கள்.
அனுபவத்தை அடியில் போட்டேன்,
விடையை மேலே தூக்கினேன்.
இலையில் எடுத்தவுடன் மோரை ஊற்றின மாதிரி இருந்தது.

காசு துணுக்குத் துணுக்காகத்தான் விழும்.
நூறு டாலர் சேர்ந்தால்தான் வங்கிக்கு வரும்.
தொண்ணூற்று மூன்றில் நாலு மாதம் நின்றிருக்கிறது,
கேட்டு போட்ட இடத்தில் பேட்டை பஸ் நிற்பதுபோல.

மே கடைசியில் சொரிமுத்துவின் கட்டுரைக்கு வந்தேன்.
தலைப்பிலேயே பிழை.
குத்தாலத்துல தண்ணி விழுதா.
உள்ளே முப்பத்தொரு இடத்தில் குத்தாலம்.
ஒரு இடத்தில்கூட வல்லின றகரம் இல்லை.
எனக்குத் தமிழ் இலக்கியத்தில் பட்டம் உண்டு,
அதை வைத்து வேறொன்றும் செய்ததில்லை.
ஒரே மூச்சில் திருத்தினேன்.
'குற்றாலம் அருவிகளில் நீர்வரத்து: முழுமையான வழிகாட்டி.'
ஐந்தருவிக்குத் தனித் துணைத்தலைப்பு.
'நனைஞ்சாத்தான் தெரியும்' என்று அவன் முடித்திருந்ததை
வெட்டினேன்.

ஜூன் வந்தது. சாரல் பிடித்தது.
பாளையங்கோட்டை வரைக்கும் ஈரக்காற்று வந்து
ஜன்னல் துணியை உள்ளே தள்ளியது.
வருஷா வருஷம் இந்தக் காற்றோடு வரைபடமும் ஏறும்.
இந்த வருஷம் படுத்துவிட்டது.
நாலாம் இடத்தில் இருந்த கட்டுரை
இரண்டாம் பக்கத்தில்,
யாரும் ஏறாத மச்சில்.

தேடினவர்கள் அடித்த சொற்களை இறக்கிப் பார்த்தேன்.
சங்கரன்கோவில், கோவில்பட்டி, ராஜபாளையம்.
வேன் பேசி முடித்து, தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டு
கிளம்பலாமா என்று நிற்கிற ஆட்கள்.
ஒருத்தர்கூட நீர்வரத்து கேட்கவில்லை.
குத்தாலத்துல தண்ணி விழுதா.
குத்தாலம் தண்ணி இன்னைக்கு.
குத்தாலம் குளிக்க விடுதானா.

அன்றைக்கு ராத்திரி
முப்பத்தொரு பிழையையும் திரும்ப வைத்தேன்.
மொத்தமாக மாற்றுவதற்குப் பொத்தான் இருக்கிறது.
கையாலேயே வைத்தேன்,
ஒவ்வொரு றகரமாக எடுத்து.

ஒன்பது நாளில் பழைய இடம்.
அதற்கடுத்த வாரம் அதற்கும் மேலே.
மாதம் முடியும்போது நூற்றுப் பன்னிரண்டு டாலர்.
பிரியும்போது பங்கைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.
அவனும் கேட்டதில்லை, நானும் எடுத்ததில்லை,
கட்டுரைக்கு மேலே அவன் பெயர் மட்டும் இருக்கிறது.
அதை எடுத்துவிட்டு என் பெயரைப் போட
ஒரு தடவை கை போயிருக்கிறது. சொல்லிவிடுகிறேன்.

'பாதி உனக்கு, எந்தக் கணக்கில் போட' என்று அனுப்பினேன்.
மறுநாள் மத்தியானம் குரலாகப் பதில் வந்தது.
பின்னால் வண்டி ரிவர்ஸ் எடுக்கிற சத்தம், யாரோ இந்தியில் கத்துகிறார்கள்.
'பணம் கெடக்கட்டும்லே.
தண்ணி விழுதா?'

நான் அங்கே போய் ஆறு வருஷம் ஆகிறது.
கட்டுரையைத் திறந்தேன்.
'இன்று நன்றாக விழுகிறது' என்று இருந்தது.
அந்த 'இன்று'
மே மாதம் நான் போட்டது.