டீசல்

படகு பிடிபட்ட மறுவருசம்
மிச்சமிருந்த வலைகளை விற்று
இந்தக் குதிரையை வாங்கினேன்.
டீசலுக்கென்று தகர டப்பாவில் போட்டுவைத்த பணமும்
அதில் சேர்ந்ததால்
ரோஸ்லின் அதற்கு டீசல் என்று பேர் வைத்தாள்.
சிரிக்க வைத்தாளா
குத்திக்காட்ட வைத்தாளா
கேட்டதில்லை.

அரியமான் கரையில்
சவுக்குத்தோப்பிலிருந்து ஐஸ் வண்டி வரை
போய்த் திரும்ப ஐம்பது ரூபாய்.
இருபது வருசம் கடலில் கிடந்தவனுக்கு
இதெல்லாம் ஒரு தொழிலா என்றான்
பாம்பன் மச்சான்.
சொல்லிக்கொண்டே ஏறி உட்கார்ந்தான்.
அவன் இறங்கும்வரை
டீசல் நகரவே இல்லை.

எஞ்சின் அப்படியில்லை.
குடித்தவன் கயிறு இழுத்தாலும்
அழுதவன் இழுத்தாலும்
ஒரே சத்தம்தான் போடும்.
இதுவோ
நான் வேலிப்படலைத் திறக்குமுன்பே
ஒரு காதை மட்டும் திருப்பி
இன்றைக்கு எவன் வருகிறான் என்று பார்க்கும்.

அக்கரைக் கோர்ட்டில்
படகை நாட்டுடைமை ஆக்கிவிட்டதாகப் போன் வந்த காலை
நான் யாரையும் திட்டவில்லை.
ஊறவைத்த கொள்ளோடு வாளியைத் தூக்கிக்கொண்டு போனேன்.
டீசல் மூன்றடி பின்னால் போனது.
நான் ஓரடி வைத்தேன்.
அது இன்னும் இரண்டு.
வாயை மூடித்தான் இருந்தேன்.
கை பேசியிருக்கும் போல.

வாளியை மணலில் வைத்துவிட்டு
முதுகைக் காட்டி உட்கார்ந்தேன்.
பெண்கடல் அன்றைக்கு
எண்ணெய் மாதிரிக் கிடந்தது.
வாடை தொடங்க இன்னும் நாளிருந்தது.
எவ்வளவு நேரமோ,
பிடரியில் சூடாக ஒரு மூச்சு.
பிறகு கொள்ளு நொறுங்கும் சத்தம்.
அப்போது அழுதேன் என்று சொன்னால்
கேட்க நன்றாயிருக்கும்.
அழவில்லை.
பசித்தது.

அதிலிருந்து
முதுகு காட்டுவதை ஒரு வித்தை என்று நினைத்துக்கொண்டேன்.
கூட்டுறவு வங்கியில்
மேலாளர் அறைக்கு முதுகு காட்டி
மதியம்வரை உட்கார்ந்தேன்.
யாரும் வரவில்லை.
மகள் ஜெனோவா
என்னோடு பேச்சை நிறுத்திக்
கதவைச் சாத்திக்கொண்ட ராத்திரி
அங்கேயும் உட்கார்ந்து பார்த்தேன்.
விடிந்ததும்
பின்வாசல் வழியாகப் பள்ளிக்கூடம் போய்விட்டாள்.
குதிரையிடம் செல்லுகிற காசு
எல்லாக் கடையிலும் செல்லாது.

ஒன்று கவனித்தேன்.
டீசலுக்கு இடி பயமில்லை.
மின்னலைப் பார்த்தபடி வாலாட்டும்.
காலி சிப்ஸ் பாக்கெட் ஒன்று பறந்து வந்தால்
மொத்த உடம்பும் நடுங்கும்.
முதலில் சிரித்தேன்.
நானும்
நடுக்கடல் இருட்டில் துப்பாக்கியைப் பார்த்தவன்தான்.
ஆனால் தபால்காரர்
பழுப்பு உறையை நீட்டினால்
எனக்கு வேர்க்கிறது.
இப்போதெல்லாம் பாக்கெட்டைக் கண்டால்
ஓடிப்போய் எடுத்து மடித்து
சட்டைப்பையில் வைத்துக்கொள்கிறேன்.
அது பார்க்கும்படியாக.

போன ஞாயிற்றுக்கிழமை
கோயம்புத்தூர்க்காரர் ஒருவர்
இரண்டு சுற்று போய் இறங்கி,
கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே
"குதிரைகிட்ட என்னங்க கத்துக்கிட்டீங்க?" என்று கேட்டார்.
உண்மையாகவே கேட்டார்.
யோசித்துப் பார்த்தேன்.
"பின்னாடி நிக்கக் கூடாது சார்" என்றேன்.
இருபது ரூபாய் கூடக் கொடுத்தார்.

இருட்டிய பிறகு
நல்ல தண்ணீர் ஊற்றி
கால் உப்பைக் கழுவினேன்.
முன்னங்குளம்பில் சிப்பித் துண்டு.
காலைப் பிடித்து இழுத்தால் தராது.
தோளோடு தோள் சாய்ந்து
சும்மா நிற்க வேண்டும்.
நின்றேன்.
டீசல் தன் பாரத்தில் கொஞ்சம்
என்மேல் வைத்துவிட்டு
காலைக் கொடுத்தது.
எவ்வளவு தாங்குவேன் என்று
அதற்குத் தெரிந்திருக்கிறது.

ரோஸ்லின் டார்ச் பிடித்தாள்.
"மெதுவா" என்றாள்.
என்னிடமா
குதிரையிடமா
கேட்கவில்லை.