இனம்

லாம்போங்கிலிருந்து அனுமதிச் சீட்டோடு வந்த இலை.
கெண்ட் ரிட்ஜில், ஏழாம் மாடியில்,
அடிப்புறத்தைத் தட்டினால் உதிர்கிறது
காப்பித் துரு.

நுண்ணோக்கியில் எல்லா வித்துக்கும் ஒரே முகம்:
பாதி முள், பாதி மொழுமொழு.

இனங்களோ ஐம்பதுக்கு மேல்.
எந்தச் செடி வீழ்கிறதோ
அதை வைத்து எண் போடுகிறோம்.
மரபணுவைப் படித்தால்
அந்த வேலிகளைக் காணோம்.

மூன்று மணிக்கு
மனிதவளத்திலிருந்து ஒரு படிவம்.
பெயர்: ரைஹானா மரைக்கார்.
இனம்: நான்கு கட்டங்கள்.
வாப்பா காயல்பட்டினம்.
உம்மா பாதி ஜாவா, பாதி ஹைனான்.

கையுறையைக் கழற்றிப் பேனா தேடித்
திரும்பினால்
இரண்டு கட்டங்களுக்கு நடுவே, கோட்டின்மேல்,
ஆரஞ்சு நிறத்தில் என் விரல்தடம்.

துடைத்தேன்.
இன்னும் கொஞ்சம் பரவியது.